எப்போதிலிருந்து இப்படி?

எனக்கு ஆட்டிசமும் உண்டு, சைக்கோசிஸும் உண்டு. ஆட்டிசம் பிறவியிலேயே இருந்தது. சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பதும் இல்லாததை நம்புவதும், கல்லூரிப் படிப்பின் கடைசியில் வந்தது. மருத்துவக் கோப்பில் மட்டும் இந்த வரிசை தலைகீழ். சைக்கோசிஸ் வரும் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று முதலில் எழுதினார்கள். ஆட்டிசம் என்று எழுதப் பல வருடங்கள் ஆயின. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் ஒன்றைப் பார்த்ததும் மற்றதை மறந்துவிடுகிறார்கள். அந்த மறதி ஒரு மனுஷியின் உடம்பிலும் வாழ்க்கையிலும் என்னென்ன செய்யும் என்று எழுதிவைக்க ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தேன். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க நான் அத்தையிடம். புளியங்கொட்டைகளைத் திண்ணை ஓரமாக வரிசை வைப்பேன், யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து வைப்பேன். வானொலியில் திருநெல்வேலி நிலையத்தின் அறிவிப்புகளை அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வேன். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசுவது அதைவிடக் கடினமாக இருந்தது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிடுவேன். "கூச்ச சுபாவம்" என்றார்கள். அம்பாசமுத்திரத்தில் அப்போது அதற்கு வேறு பெயர் யாருக்கும் தெரியாது.

மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டதை எனக்கு அத்தைதான் சொல்லிக் கொடுத்தாள். "வீட்டுக்கு ஆள் வந்தா வாங்கன்னு கேக்கணும்ட்டி. கேட்டுட்டு அங்கனயே நிக்கணும், உள்ள ஓடிரக் கூடாது." "சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லு. என்ன சாப்பிட்டேன்னு முழுசும் சொல்லாண்டாம்." அவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். யாரையாவது பார்க்கப் போகும்போது அத்தையின் குரலிலேயே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போவேன். பள்ளி, டியூஷன், கல்யாண வீடு எல்லாவற்றையும் அந்தக் குரலை வைத்துத்தான் கடந்தேன். இதை விளக்கமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

முதுகலை படிக்கச் சென்னைக்கு வந்து விடுதியில் சேர்ந்தேன். ஓர் அறையில் நான்கு பேர். இரவு இரண்டு மணி வரை பேச்சு, காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வாளிச் சத்தம், தலைக்கு மேலே எப்போதும் இரைகிற டியூப்லைட். தூக்கம் குறைந்துகொண்டே போனது. 2011-ல், இரண்டாம் ஆண்டு பாதியில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "ஏட்டி, வாசல் தெளிச்சாச்சா?" அத்தை அப்போது ஊரில்தான் இருந்தாள். எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. அந்தக் குரல் என் தலைக்குள் இருபது வருடமாக இருந்ததுதானே. முன்பு நான் கூப்பிட்டால் வரும். இப்போது கூப்பிடாமல், வெளியிலிருந்து வந்தது. இந்த வித்தியாசத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனுஷர்களோடு எப்படி நடந்துகொள்வது என்று வாழ்நாள் முழுக்க எனக்குச் சொல்லித் தந்த குரல் அது. அதனால் அது சொன்னபடி செய்தேன். விடுதியில் வாசலே கிடையாது, தாழ்வாரத்தில் தண்ணீர் தெளித்தேன். கொஞ்ச நாளில் அதே குரல் "அந்தத் தண்ணியக் குடிக்காத, என்னமோ கலந்திருக்காளுவ" என்றது. குடிப்பதை நிறுத்தினேன்.

ரொம்பப் பின்னால், ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது உடம்பே சிலிர்த்தது. அமெரிக்காவைச் சேர்ந்த மானுடவியலாளர் தான்யா லர்மன், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மனநல மருத்துவர்களும் மற்றவர்களும் உடன் சேர, குரல் கேட்கும் அறுபது பேரிடம் பேசியிருக்கிறார். கலிபோர்னியாவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். 2015-ல் வெளிவந்தது. கலிபோர்னியாக்காரர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகமற்ற, வன்முறையான குரல்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உறவுக்காரர்களின் குரல். வீட்டு வேலை செய்யச் சொல்லும், குளிக்கச் சொல்லும், திட்டும். என் அத்தைக்கு அந்த ஆய்வில் இடம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். தனியாக எனக்கு மட்டும் நடந்த விசித்திரம் இல்லை என்று தெரிந்ததில் அவ்வளவு ஆறுதல் இருந்தது.

குரலைவிட என்னை அதிகமாக உருக்குலைத்தது எண்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேருந்து எண்கள் என்றால் உயிர். சென்னைக்கு வந்ததும் மாநகரப் பேருந்துத் தடங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர், 21ஜி தாம்பரத்திலிருந்து பிராட்வே. நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னால் மனசு அமைதியாகிவிடும். அந்த வருடம் அந்த எண்கள் மாறின. 29சி தொடர்ந்து இரண்டு முறை வந்தால் அது எனக்காக அனுப்பப்பட்டது. 21ஜி நிற்காமல் போனால் நான் அறைக்குத் திரும்பக் கூடாது. உலகத்தில் இருந்த ஒவ்வொரு பொருளும் என் பக்கம் திரும்பி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு களைப்பை நான் வேறெப்போதும் அனுபவித்ததில்லை. ஒரு நாள் வள்ளுவர் கோட்டம் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் அழுதேன். விடுதியிலிருந்து அண்ணனுக்குப் போன் போனது.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "யாரும் இல்லாதப்போ சத்தம் ஏதாவது கேக்குதாம்மா?" கேட்கிறது என்றேன். என்ன சத்தம் என்றார். டியூப்லைட், கீழ்த்தளத்தில் லிஃப்ட், பக்கத்து அறையில் யாரோ பேனாவைத் தட்டுவது என்று கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அத்தையைப் பற்றி நான் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டார், அத்தையைப் பற்றிக் கேட்கவில்லை. "மத்தவங்க உங்களப் பத்திப் பேசுறாங்கன்னு தோணுதா?" தோன்றவில்லை, பேசுகிறார்கள் என்றேன். அது உண்மை. விடுதியில் நான் நடப்பதையும் பேசுவதையும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். இப்படியாக எனக்கு நிஜமாகவே இருந்த பிரமைகள் கோப்பில் ஏறவில்லை. நிஜமாகவே நடந்த கேலியும் நிஜமாகவே இரைந்த விளக்கும் பிரமைகளாக ஏறின. நோய் சரியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது, எனக்கு சைக்கோசிஸ் இருக்கத்தான் செய்தது. அதற்குக் காட்டிய சான்றுகள்தான் பாதிக்கு மேல் என் ஆட்டிசம்.

இதன் விளைவு எங்கே தெரிந்தது என்றால் மருந்தளவில். ரிஸ்பெரிடோன் தொடங்கிய சில வாரங்களில் அத்தையின் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றது. எண்கள் வெறும் எண்களாயின. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. அந்த மாத்திரைதான் என்னை அந்த நடைபாதையிலிருந்து எழுப்பியது, அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் கோப்பில் ஒவ்வொரு முறையும் "முகத்தில் உணர்ச்சி இல்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில்" என்று எழுதினார்கள். மனச்சிதைவின் மிச்சம் என்று நினைத்து அளவைக் கூட்டினார்கள். மறுபடி அதே முகம், மறுபடி கூட்டினார்கள். அம்மா ஒரு தடவை தைரியமாகச் சொன்னாள்: "அவ மொகம் பொறந்ததுல இருந்து இப்பிடித்தான் சார்." அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் பிறந்தபோதே கொண்டுவந்த முகத்துக்கு வருடக் கணக்கில் மருந்து கொடுத்தார்கள்.

அதிக அளவு மருந்து அதன் வேலையைக் காட்டியது. எனக்கு முன்னும் பின்னும் ஆடுகிற பழக்கம் உண்டு, உட்கார்ந்தபடி மெதுவாக ஆடினால் உடம்பு சாந்தமாகும். மருந்து கூடியபின் வேறு ஓர் ஆட்டம் வந்தது. கால்கள் நிற்க விடாது, உட்கார விடாது, படுக்க விடாது. தோலுக்குள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி. அகதீசியா என்பார்கள், இந்த வகை மருந்துகளின் பக்கவிளைவு, தெரிந்த ஒன்றுதான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஆட்டம்தானே. "அவ எப்பவும் ஆடுவா" என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் நிம்மதி உண்டு, இரண்டாவதில் துளியும் கிடையாது. யாராவது "ஆடுனா நல்லா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

மாதவிடாயும் நின்றுபோனது. ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், பெண்களுக்கு அதனால் மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்பார். நல்லா இருக்கேன் என்பேன். அப்படிக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அத்தையின் பாடம். உடம்புக்குள் நடப்பதை உணர்ந்து, அதற்குப் பெயர் வைத்து, இது சொல்ல வேண்டிய விஷயம் என்று முடிவெடுத்து, சரியான நேரத்தில் வாயைத் திறப்பது என்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு நான்கு தனித்தனி வேலைகள். பசியே எனக்குத் தலைவலியாகத்தான் தெரியும். ஆட்டிசம் உள்ளவருக்கு இந்த மருந்துகளைக் கொடுக்கும் எந்த மருத்துவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: பொதுவாகக் கேட்காதீர்கள், பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய்? கால் ஓய்வாக இருக்கிறதா? எடை பாருங்கள், சர்க்கரை பாருங்கள், நாங்களே வந்து சொல்வோம் என்று காத்திருக்காதீர்கள்.

ஊரில் சொந்தக்காரர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள், சிலர் குணசீலம் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் இருக்கச் சொன்னார்கள். குணசீலத்துக்கு அம்மா போய் வந்தாள், எனக்காக வேண்டிக்கொண்டு. ஏர்வாடி என்ற பேச்சை மட்டும் வீட்டு வாசலிலேயே நிறுத்தினாள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்த செய்தியை அவள் செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை என்பதை அவளால் மறக்கவே முடியவில்லை. "எம்புள்ள கத்துனாலும் அவுந்து கெடந்து கத்தட்டும்" என்றாள். பிற்பாடு அந்தத் தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு வந்தது நல்ல விஷயம். அதை அவளிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

கொஞ்சம் வரலாற்றுக்குப் போக வேண்டும், ஏனென்றால் என் கோப்பில் நடந்தது என் மருத்துவர்களோடு தொடங்கியதல்ல. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தைத் தனியான ஒன்றாக விவரித்தார். ஆனாலும் அதற்குப் பின் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் (டிஎஸ்எம்) முதல் இரண்டு பதிப்புகளிலும், 1952-லும் 1968-லும், இப்படிப்பட்ட குழந்தைகள் குழந்தைப்பருவ மனச்சிதைவு என்ற தலைப்பின் கீழ்தான் வந்தார்கள். 1971-ல் இங்கிலாந்தில் இஸ்ரேல் கோல்வின் என்பவர் இந்தக் குழந்தைகளிடம் எப்போது தொடங்கியது என்று பார்த்தார். ஒரு கூட்டம் மூன்று வயதுக்குள் தொடங்கியவர்கள். இன்னொரு கூட்டம் ஐந்து வயதுக்குப் பின் தொடங்கியவர்கள், பிரமையும் குரலும் உள்ளவர்கள். இடையில் ஆட்கள் மிகக் குறைவு. ஆக இரண்டும் வேறு வேறு. 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பு ஆட்டிசத்தைத் தனியாகப் பிரித்தது.

பிரித்தது சரி, முழுக்கச் சரி. அதே பதிப்பில், குழந்தைப்பருவ ஆட்டிசம் என்று சொல்ல வேண்டுமானால் பிரமைகளும் மாயக்குரல்களும் இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். இதுவா அதுவா, இரண்டில் ஒன்று. அந்த நிபந்தனை கையேட்டிலிருந்து சீக்கிரமே போய்விட்டது. 2013 பதிப்பில் தெளிவாகவே இருக்கிறது: ஆட்டிசம் உள்ளவருக்குப் பிரமையோ மாயக்குரலோ வெளிப்படையாக ஒரு மாதமாவது இருந்து, மற்ற அறிகுறிகளும் பொருந்தினால், மனச்சிதைவு என்று சேர்த்தே சொல்லலாம். ஆனால் கையேட்டில் போன நிபந்தனை புறநோயாளிப் பிரிவில் போகவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2018-ல் வந்த ஒரு கட்டுரை, ஆட்டிசம் உள்ளவர்களிடம் மனச்சிதைவுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்றது. இதைப் படித்து ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் பயந்துவிடக் கூடாது. பெரும்பாலான ஆட்டிசக்காரர்களுக்கு சைக்கோசிஸ் வருவதே இல்லை. வருகிற எங்களைப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

என்னை அடையாளம் கண்டவர் ஓர் அம்மையார், இப்போதும் என் மருத்துவர். முதல் நாள் கோப்பை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, கோப்பில் இருந்த ஒவ்வொன்றுக்கும் "இது எப்போதிலிருந்தும்மா?" என்று கேட்டார். கண்ணைப் பார்க்காதது? "கைப்புள்ளையில இருந்து." ஒரே மாதிரி சாப்பாடு? "தவழுற வயசுல இருந்து." சத்தம் ஆகாதது? "அப்பமே." தண்ணீரில் கலந்திருக்கிறது என்றது? அம்மா யோசிக்கவே இல்லை. "அது மெட்ராசுக்குப் போன பொறவுதான்." புளியங்கொட்டை, வானொலி, கிணற்றடி எல்லாவற்றையும் அம்மா கொட்டித் தீர்த்தாள். கோல்வின் கேட்ட அதே கேள்வி. பத்து நிமிடத்தில் என் வாழ்க்கை இரண்டு பத்திகளாகப் பிரிந்து நின்றது. ஒரு பத்திக்கு மருந்து வேண்டும், மற்றதற்கு மருந்து வேண்டாம். மருந்தளவு படிப்படியாகக் குறைந்தது, பிறகு மருந்தே மாறியது. கால் அமைதியானது, மாதவிடாய் திரும்பியது. முகம் அப்படியேதான் இருக்கிறது.

இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். எதிர்ப் பக்கத்துப் பள்ளமும் இருக்கிறது. ஆட்டிசம் என்று தெரிந்தபின் ஓர் ஆலோசகரிடம் போய்க்கொண்டிருந்தேன். "உங்களுக்கு இருந்தது எல்லாமே ஆட்டிசம்தான், தப்பாக மனச்சிதைவுன்னு சொல்லிட்டாங்க, மாத்திரை வேண்டாம்" என்றார் அவர். ஆட்டிசம் உள்ள நண்பர்கள் சிலரும் இதையே சொன்னார்கள். அவர்களில் சிலருக்கு அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. ஆட்டிசத்தை சைக்கோசிஸ் என்று தவறாக எடுத்துக்கொண்டு வருடக் கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் கதை என் கதை ஆகாது. மாத்திரை நின்று சில மாதங்களில் அத்தை மறுபடி பேசினாள். நிஜ அத்தை அதற்குள் இறந்துபோயிருந்தாள், அதனால் இந்த முறை அந்தக் குரல் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம், நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும்.

அந்த முறை உள்நோயாளியாக இருந்தபோது வேறொன்றும் நடந்தது. வார்டு வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். போக வேண்டும் என்று தெரிகிறது, கால் போகவில்லை. கையில் டீ டம்ளர், குடிக்கவும் முடியவில்லை. "அடம் பிடிக்குது" என்று செவிலியர் சொல்வது கேட்டது. என் மருத்துவர் வந்து பார்த்து இது கேட்டடோனியா என்றார், லோராசெபாம் கொடுக்கச் சொன்னார். அன்று மாலையே என் காலில் நானே நடந்து போய் டீ வாங்கிக் குடித்தேன். ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் இப்படி உறைந்துபோவது உண்டு என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் லோர்னா விங், அமிதா ஷா இருவரும் 2000-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் அனுப்பப்பட்ட, 15 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களில் 17 சதவீதம் பேருக்கு இருந்ததாம். வீட்டில் ஒரு ஆட்டிசப் பிள்ளை திடீரென்று மெதுவாகி, பாதிச் சாப்பாட்டில் கை நின்றுபோகிறது, வாசலைத் தாண்ட முடியவில்லை என்றால் அடம் என்று அதட்டாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

இரண்டும் உள்ள ஒருத்திக்கு, இது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அன்றாடம் எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். நான் வைத்திருக்கும் வழி இது. பண்டிகை நாளில் வெடிச் சத்தம், கூட்டம், திட்டம் மாறிவிட்டது, அழுகை வெடிக்கிறது, காதைப் பொத்துகிறேன், பேச்சு நின்றுவிடுகிறது. விளக்கணைத்த அறையில் கனமான போர்வையோடு இரண்டு மணி நேரம் விட்டால் வடிந்துவிடும். அது ஆட்டிசம், அதற்கு மாத்திரை கொடுக்கத் தேவையில்லை. சைக்கோசிஸ் அமைதியான அறையில் வடியாது. அமைதியில்தான் அது நன்றாகப் பேசும். அப்புறம் எண்கள். 29சி போகும்போது அதன் நிறுத்தங்கள் வரிசையாக மனதில் ஓடினால் நான் நன்றாக இருக்கிறேன். அது ஏன் இப்போது வந்தது என்று ஒரு கணம் நினைத்தாலும் அன்றைக்கே டாக்டருக்குத் தகவல் போகும். என் பேருந்துப் பித்தை நோயின் அடையாளம் என்று ஒரு காலத்தில் பிடுங்கப் பார்த்தார்கள். என் நிலைமையை எனக்குச் சொல்லும் நம்பகமான அளவுகோல் இன்று அதுதான்.

சட்டத்திலும் நாங்கள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறோம். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்துக்கு உண்டு, மனநோய்க்கு இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் இரண்டும் உண்டு. ஆனால் சான்றிதழ் தர ஆட்டிசத்துக்கு ஓர் அளவுகோல், 40 கேள்விகள், பெரும்பாலும் குழந்தைகளை மனதில் வைத்தவை. மனநோய்க்கு வேறோர் அளவுகோல், தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசுவது, வேலை என்று நான்கு பிரிவு. நான் பழகுவதில் பட்ட கஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சான்றிதழுக்குப் போன இடத்தில் "ரெண்டுல எதுக்கு வந்திருக்கீங்க, ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள். இரண்டுக்கும் என்றபோது வரிசையில் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மட்டும் நான் மனதாரக் கொண்டாடுகிறேன். சங்கிலியால் கட்டுவதை அது தடைசெய்கிறது. அதோடு, நன்றாக இருக்கும்போதே, பின்னால் உடம்பு முடியாமல் போனால் எனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துவதுதான் என் தொழில், எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. நான் எழுதிவைத்தது இது: என்னிடம் கேள்வி கேட்பதாக இருந்தால் தாளில் எழுதிக் கேளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. சொல்லாமல் தொடாதீர்கள். ஜன்னல் பக்கப் படுக்கை கிடைத்தால் நல்லது, டியூப்லைட்டுக்கு நேர் கீழே வேண்டாம். காதடைப்பானைப் பிடுங்காதீர்கள். நான் உட்கார்ந்து ஆடினால் விடுங்கள், நிற்க முடியாமல் நடந்தால் மருந்தைப் பாருங்கள். குரல் கேட்கிறதா என்று கேட்காதீர்கள், அத்தை பேசினாளா என்று கேளுங்கள். இதையெல்லாம் எழுதியபின் அது ஒரு மருத்துவ ஆவணம் மாதிரியே இல்லையே என்று அண்ணன் தயங்கினான். டாக்டர் படித்துவிட்டு ஒரு வரியையும் அடிக்கவில்லை.

என் சார்பில் பேச அண்ணியை எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை, ஊரைவிட்டு வரவும் மனசில்லை. நான் பிறந்ததிலிருந்து எப்படி இருந்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அவளுக்குப் பின் அந்த "எப்போதிலிருந்து" கேள்விக்கு யார் பதில் சொல்வது என்ற கவலை எனக்கு நிறையவே உண்டு. அதனால் போன பொங்கலுக்கு அண்ணி ஊருக்கு வந்தபோது அம்மாவை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். என் சின்ன வயது அந்த நோட்டில் இருக்கிறது.

மாதாந்திரப் பரிசோதனைக்கும் அண்ணிதான் இப்போது கூட வருகிறார். டாக்டர் என்னிடம் பட்டியலை முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்புவார். "போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் ஏதாவது மாறியிருக்காம்மா?" சென்ற முறை அண்ணி நோட்டைப் புரட்டிப் பார்த்து, "சாயங்காலம் பாட்டு போடுறத நிறுத்திட்டா டாக்டர், ரெண்டு வாரமா" என்றார். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. எதிர் மனையில் வீடு கட்டத் துளை போடும் சத்தம் தொடங்கி ரெண்டு வாரம்தான் ஆகிறது என்பது அப்புறம் எனக்கு நினைவு வந்தது, சொன்னேன். அத்தை பேசினாளா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மருந்தை அப்படியே விட்டுவிட்டு, கட்டட வேலை முடியும் வரை மெய்ப்புத் தாள்களோடு பகலில் நூலகத்துக்குப் போகச் சொன்னார்.